ஒரே ஓடையில் கட்டுரை, அறிவிப்பு, ஆடியோ, புத்தகம்!
ஆர்.எஸ்.எஸ். ஃபீடில் பல வகைத் தகவல்களைச் சேர்ப்பது எப்படி?

இன்டர்நெட்டில் உலாவும்போது சில இணையதளங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் இரண்டு வளைவுக் கோடுகளும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்காக உருவான இந்த ஐகானை 2005 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் ஏற்றுக்கொண்டது. அதன்பின் அதுவே பொது அடையாளமாகி விட்டது. "இந்தத் தளத்துக்கு செய்தியோடை உண்டு" என்பது இதன் பொருள். ஆங்கிலத்தில் இதை ஃபீட் என்பார்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இந்த ஐகானைக் கிளிக் செய்து பார்த்து, திரையில் புரியாத எழுத்துகள் வந்ததும் மூடிவிடுகிறார்கள். புரியாத ஒன்றும் அதில் இல்லை. இந்தக் கட்டுரையில் ஓடை என்றால் என்ன, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு, ஒரு தளத்தில் உள்ள கட்டுரை, அறிவிப்பு, ஆடியோ, பி.டி.எஃப்., மின்னூல் ஆகிய எல்லாவற்றையும் ஓடைக்குள் கொண்டுவரும் வழிகளைப் பார்ப்போம்.

ஓடை எதற்கு?

நீங்கள் தினமும் 20 தளங்களைப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் திறந்து "இன்று புதிதாக ஏதாவது உண்டா?" என்று தேடுவது வீண் வேலை. ஓடை இருந்தால் நீங்கள் எங்கும் போக வேண்டாம். ஃபீட் ரீடர் என்னும் சாஃப்ட்வேர் 20 தளங்களையும் தானே எட்டிப் பார்த்து, புதியவற்றை மட்டும் கொண்டுவந்து வரிசைப்படுத்தித் தரும். வீட்டுக்குப் பத்திரிகை போடும் பையன் மாதிரி! சந்தாப் பணம் கிடையாது. இமெயில் முகவரிகூடத் தர வேண்டியதில்லை.

இதன் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் வெளியிட்டது. இன்று பரவலாக உள்ள ஆர்.எஸ்.எஸ். 2.0 என்ற வடிவம் 2002-ல் வந்தது. ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005-ல் இன்டர்நெட் தர ஆவணமாக ஏற்கப்பட்டது. எது கிடைத்தாலும் கவலை வேண்டாம். பொதுவாக எல்லா ஃபீட் ரீடர்களும் இரண்டையும் படிக்கும்.

தமிழ் இன்டர்நெட்டுக்கும் ஓடைக்கும் பழைய உறவு உண்டு. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்த ஓடைகளை வைத்தே இயங்கியது. நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைப் படித்து, புதிய இடுகைகளின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் காட்டியது. ஓடைக்குள் வராத எதுவும் திரட்டிக்கும் தெரியாது, அதன் வாசகர்களுக்கும் தெரியாது. இதை நினைவில் வையுங்கள். நம் கட்டுரையின் மையமே இதுதான்.

"கூகுள் ரீடர் மூடப்பட்டு விட்டதே, ஓடையும் போய்விட்டதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது உண்மை. ஃபயர்ஃபாக்ஸும் தனக்குள் இருந்த ஓடை வசதியை 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்போடு நீக்கிவிட்டது. போனது படிக்கும் கருவிகளில் சிலதான். ஓடைகள் இருக்கின்றன. வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டும் இன்றும் ஒவ்வொரு தளத்துக்கும் தாமாகவே ஓடையை உருவாக்கித் தருகின்றன. பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர்கள் ஆப்களுக்கு வந்து சேருவதும் ஓடை வழியாகத்தான்.

முதலில் ஓர் ஓடையில் சேர்வோம்

தண்டர்பேர்ட் என்ற இலவச இமெயில் சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

1. புதிய அக்கவுண்ட் சேர்க்கும் மெனுவில் ஃபீட் அக்கவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. அக்கவுண்டுக்கு ஒரு பெயர் கொடுத்து முடியுங்கள்.
3. இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரைக் கிளிக் செய்து, மேனேஜ் ஃபீட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதைத் திறங்கள்.
4. ஃபீட் யு.ஆர்.எல். பெட்டியில் ஓடையின் முகவரியை ஒட்டி, ஆட் பட்டனை அழுத்துங்கள்.

ஓடையின் முகவரி தெரியவில்லையா? வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் தளத்தின் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பெரும்பாலும் அதுதான். பிளாகர் தளம் என்றால் சாய்கோட்டுக்குப் பின் ஃபீட்ஸ், மீண்டும் சாய்கோடு, போஸ்ட்ஸ், மீண்டும் சாய்கோடு, டிஃபால்ட் என்று வரும்.

ஓடைக்குள் என்ன இருக்கிறது?

ஓடை என்பது எக்ஸ்.எம்.எல். மொழியில் எழுதப்பட்ட ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் சேனல் என்ற ஒரு பெரிய பெட்டி. தளத்தின் பெயரும் முகவரியும் அதன் தொடக்கத்தில் இருக்கும். அதன்பின் ஐட்டம் என்ற சிறு பெட்டிகள் வரிசையாக வரும். ஒரு கட்டுரைக்கு ஓர் ஐட்டம். ஐட்டத்துக்குள் வழக்கமாக இவை இருக்கும்:

டைட்டில்: தலைப்பு.
லிங்க்: அந்தப் பக்கத்தின் முகவரி.
டிஸ்கிரிப்ஷன்: சுருக்கம் அல்லது முழு விஷயம்.
பப்டேட்: வெளியான நாளும் நேரமும். இந்திய நேரமாக இருந்தால் கடைசியில் +0530 என்று இருக்கும்.
கேட்டகரி: எந்தப் பிரிவு என்ற குறிப்பு.
ஜி.யு.ஐ.டி.: ஐட்டத்தின் அடையாள எண். ரேஷன் கார்டு எண் மாதிரி, ஒன்றுக்கு ஒன்றுதான்.
என்க்ளோஷர்: கூட வரும் ஃபைல் பற்றிய குறிப்பு. கடிதத்தோடு "இணைப்பு" வைக்கிறோமே, அதுபோல.

"பல வகைத் தகவல்" என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் உள்ளன. ஒன்று, கட்டுரை அல்லாத மற்ற பதிவு வகைகளும் ஐட்டமாக வருவது. இரண்டு, ஓர் ஐட்டத்தோடு ஆடியோ, பி.டி.எஃப். போன்ற ஃபைல்கள் சேர்ந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் விஷயம்: விடுபடும் பதிவு வகைகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். என் சொந்த ஊர் பென்னாகரம். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த ஊருக்காக நீங்கள் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஊர் பற்றிய கட்டுரைகள் உண்டு. "காவிரியில் நீர்வரத்து எவ்வளவு, பரிசல் ஓடுகிறதா?" என்ற சிறு அறிவிப்புகள் உண்டு. பெரியவர்களின் பேச்சு ஆடியோவாக உண்டு. பஸ் நேரப் பட்டியல் பி.டி.எஃப். ஆக உண்டு.

இதில் எது ரொம்ப அவசரம்? சந்தேகமே இல்லை, நீர்வரத்து அறிவிப்புதான். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லில் வரத்து ஏறும். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை இறுதியிலும் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில் குடும்பத்தோடு வெளியூரிலிருந்து கிளம்பி வந்து திரும்பிப் போவோருக்குச் செலவு. பரிசல் ஓட்டுபவருக்கு அன்றைய வருமானம் போச்சு.

ஆனால் உங்கள் தளத்தின் ஓடையில் சேர்ந்தவருக்கு இந்த அறிவிப்பு போகுமா? வேர்ட்பிரஸ்ஸின் இயல்பான ஓடையில் போஸ்ட் என்ற வகை மட்டுமே வரும். பேஜ் என்ற வகை வராது. 2010 ஜூனில் வந்த வேர்ட்பிரஸ் 3.0 முதல் நாமே "அறிவிப்பு", "நூல்" என்று புது வகைகளை எளிதாக உருவாக்க முடிகிறது. இவற்றுக்கு கஸ்டம் போஸ்ட் டைப் என்று பெயர். அவையும் முதன்மை ஓடையில் தாமாக வருவதில்லை. தளத்துக்கு நேரில் வருபவர் கண்ணில் அறிவிப்பு படும். ஓடையை நம்பியிருப்பவர் கண்ணில் படாது. தமிழ்மணம் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது, இல்லையா?

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

வழி 1: அறிவிப்பை பேஜ் ஆகப் போடாமல் போஸ்ட் ஆகவே போடுங்கள். "அறிவிப்பு" என்று ஒரு கேட்டகரி உருவாக்கி அதில் சேருங்கள். புதியவர்களுக்கு இதுவே போதும். ஒவ்வொரு கேட்டகரிக்கும் வேர்ட்பிரஸ் ஒரு தனி ஓடையும் தருகிறது. கேட்டகரிப் பக்கத்தின் முகவரிக்குப் பின் ஃபீட் என்று சேர்த்தால் அது கிடைக்கும்.

வழி 2: தனி வகைக்குத் தனி ஓடை. கஸ்டம் போஸ்ட் டைப் யு.ஐ. என்ற பிளக்-இன் மூலம் வகையை உருவாக்கும்போது ஹேஸ் ஆர்க்கைவ் என்ற இடத்தில் ட்ரூ என்று வையுங்கள். அந்த வகையின் தொகுப்புப் பக்க முகவரிக்குப் பின் ஃபீட் என்று சேர்த்தால் அந்த வகைக்கு மட்டுமான ஓடை வந்துவிடும். "அவசர அறிவிப்பு மட்டும் போதும்" என்பவர்களுக்கு இது வசதி.

வழி 3: எல்லாம் ஒரே ஓடையில். இதற்குக் கொஞ்சம் பி.எச்.பி. கோடு வேண்டும். ப்ரீ கெட் போஸ்ட்ஸ் என்ற கொக்கியில் ஒரு சிறு ஃபங்ஷனை மாட்ட வேண்டும். அந்த ஃபங்ஷன் இரண்டு கேள்விகள் கேட்கும்: இப்போது கேட்கப்படுவது ஓடையா? இது தளத்தின் முதன்மைக் கேள்வியா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும், பதிவு வகைப் பட்டியலில் போஸ்ட் என்பதோடு உங்கள் புது வகையின் பெயரையும் சேர்க்கும். இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் ஓடை தயாராகும்போது உள்ளே ஓடும் மற்ற தேடல்களிலும் புது வகை நுழைந்து குழப்பும். கோடு எழுதத் தெரிந்த நண்பரிடம் இந்தப் பாராவைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார். மாற்றும் முன் பேக்கப் எடுப்பது அவசியம்.

பிளாகர் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். இடுகைகளுக்கு லேபிள் கொடுத்தால் போதும். முன்னே சொன்ன ஓடை முகவரிக்குப் பின் சாய்கோடு, சிறு கோடு, சாய்கோடு, லேபிள் பெயர் என்று சேர்த்தால் அந்த லேபிளுக்கான ஓடை கிடைக்கும்.

10 ஐட்டம் என்ற வரம்பு

எல்லாவற்றையும் ஒரே ஓடையில் கொட்டும் முன் ஒரு கணக்கு போடுங்கள். வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாகக் கடைசி 10 ஐட்டங்கள் மட்டுமே இருக்கும். தினமும் 4 நீர்வரத்து அறிவிப்புகள் போடுகிறீர்கள் என்றால், இரண்டரை நாளில் 10 நிரம்பிவிடும். திங்களன்று வந்த நல்ல கட்டுரை வியாழக்கிழமை ஓடையில் இருக்காது. வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரைத் திறக்கும் வாசகர் அதைப் பார்க்கவே மாட்டார்.

இதைச் சரிசெய்ய செட்டிங்ஸ் மெனுவில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். சிண்டிகேஷன் ஃபீட்ஸ் என்று தொடங்கும் வரியில் 10 என்பதை 30 அல்லது 40 ஆக மாற்றுங்கள். அதன் கீழேயே முழு விஷயமா, சுருக்கமா என்ற தேர்வும் இருக்கிறது. எண்ணைக் கூட்டினால் ஓடையின் எடையும் கூடும் என்பதை மறக்காதீர்கள். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8 முறையில் 3 பைட் எடுக்கும். "பென்னாகரம்" என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டருக்கோ 10 குறிகள், அதாவது 30 பைட். 6,000 குறிகள் கொண்ட கட்டுரை சுமார் 18,000 பைட். 40 கட்டுரைகளை முழுதாகப் போட்டால் 7 லட்சம் பைட்டுக்கு மேல் போகும். வரத்து அறிவிப்பு போன்ற சிறு விஷயங்கள் நிறைய உள்ள தளம் என்றால், கட்டுரைக்கு ஓர் ஓடை, அறிவிப்புக்கு ஓர் ஓடை என்று பிரித்துத் தருவதே என் யோசனை.

இரண்டாவது விஷயம்: கூட வரும் ஃபைல்கள்

என்க்ளோஷரில் மூன்று தகவல்கள் கட்டாயம்: ஃபைலின் முழு முகவரி, பைட் கணக்கில் அதன் அளவு, அது எந்த வகை ஃபைல் என்ற குறிப்பு. எம்.பி.3 என்றால் வகை "ஆடியோ/எம்பெக்". பி.டி.எஃப். என்றால் "அப்ளிகேஷன்/பி.டி.எஃப்.". ஈபப் மின்னூல் என்றால் "அப்ளிகேஷன்/ஈபப்+ஜிப்". இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுத வேண்டும். வகையைத் தப்பாகக் கொடுத்தால் பாட்காஸ்ட் ஆப் ஆடியோவைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

அளவு எதற்கு என்று கேட்கலாம். டவுன்லோட் செய்யும் முன்பே எவ்வளவு டேட்டா செலவாகும் என்று ரீடர் சொல்ல அது உதவும். 64 கே.பி.பி.எஸ். தரத்தில் பதிவு செய்த பேச்சு விநாடிக்கு 8,000 பைட். 5 நிமிடத்துக்கு 24 லட்சம் பைட். அதையே 128-ல் வைத்தால் இரண்டு மடங்கு. பேச்சு மட்டும்தான் என்றால் 64 தாராளமாகப் போதும். மலையடிவாரக் கிராமத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் உள்ளவர் உங்களை வாழ்த்துவார்.

வேர்ட்பிரஸ் பதிவில் எம்.பி.3 அல்லது வீடியோ ஃபைலின் லிங்க்கைக் கொடுத்தால், அதுவே என்க்ளோஷரைச் சேர்த்துவிடும். பி.டி.எஃப்., ஈபப் ஆகியவற்றுக்குச் சேர்க்காது. அவற்றுக்கு, எடிட்டரின் ப்ரிஃபரன்சஸ் பகுதியில் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்பதை இயக்குங்கள். என்க்ளோஷர் என்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து, மதிப்பில் முதல் வரியில் முகவரி, இரண்டாம் வரியில் அளவு, மூன்றாம் வரியில் வகை என்று டைப் செய்யுங்கள். அதே லிங்க் பதிவின் உள்ளேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "லிங்க் நீக்கப்பட்டது" என்று எண்ணி வேர்ட்பிரஸ் அந்தக் குறிப்பை அழித்துவிடும்.

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. தமிழ்ப் பெயர் வைத்தால் முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். "பென்னாகரம்" என்ற ஒரு சொல் மட்டுமே 90 எழுத்தாக நீண்டுவிடும்.

ஒரு நூல், நான்கு ஃபைல்

கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் தளம் இது. அதில் ஒரே நூல் ஈபப், மோபி, ஏ4 அளவு பி.டி.எஃப்., 6 அங்குல பி.டி.எஃப். என்று பல வடிவங்களில் கிடைக்கும். கம்ப்யூட்டர், மொபைல், கிண்டில் என்று யார் கையில் எது இருந்தாலும் படிக்கலாம்.

இப்படி ஒரு நூல் தளத்தை நீங்கள் அமைத்தால் ஓடையில் எந்த ஃபைலை வைப்பது? ஆட்டம் வடிவத்தில் ஓர் ஐட்டத்துக்குப் பல என்க்ளோஷர் லிங்க்குகள் தரலாம். ஆர்.எஸ்.எஸ்.-ல் ஒன்றுக்கு மேல் கொடுத்தால் சில ரீடர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆகவே ஈபப் ஃபைலை என்க்ளோஷராக வைத்து, மற்ற மூன்றின் லிங்க்குகளையும் டிஸ்கிரிப்ஷனுக்குள் வரிசையாகக் கொடுங்கள். யாருக்கும் எதுவும் விடுபடாது. நான்கு ஃபைலுக்கு நான்கு ஐட்டம் போடாதீர்கள். ஒரே நூல் நான்கு முறை வந்தால் வாசகர் எரிச்சலாகி ஓடையை விட்டே விலகிவிடுவார்.

கவனிக்க வேண்டியவை

* பழைய அறிவிப்பைத் திருத்தாதீர்கள். புதிது போடுங்கள். "பரிசலுக்குத் தடை" என்ற அதே பதிவைத் திறந்து "தடை நீக்கம்" என்று மாற்றினால் ஜி.யு.ஐ.டி. மாறாது. "இதை ஏற்கெனவே காட்டிவிட்டோம்" என்று சில ரீடர்கள் பேசாமல் இருந்துவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். "பரிசல் ஓடுகிறது" என்ற பதிவை "தடை" என்று மாற்றினால் என்ன ஆகும்? எனவே ஒவ்வொரு முறையும் புதுப் பதிவு. தலைப்பிலேயே தேதியும் நேரமும்.

* ஓடை உடனடியாகப் போய்ச் சேருவதில்லை. ரீடர் எப்போது எட்டிப் பார்க்கிறதோ அப்போதுதான் தெரியும். அது சில நிமிடமாகவும் இருக்கலாம், சில மணி நேரமாகவும் இருக்கலாம். வெள்ள எச்சரிக்கைக்கு ஓடையை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

* ஒரு குறி மொத்த ஓடையையும் நிறுத்தும். ஆம்பர்சண்ட் என்ற "மற்றும்" குறியை எக்ஸ்.எம்.எல்.-ல் அப்படியே போடக் கூடாது. வேர்ட்பிரஸ், பிளாகர் தாமே மாற்றிவிடும். கையால் ஓடை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

* முதல் வரிக்கு முன் வெற்று வரி கூடாது. தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் கோடு சேர்க்கும்போது தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு வெற்று வரி தங்கிவிட்டால் அது ஓடையின் தலையில் போய் உட்காரும். தளம் நன்றாகத் தெரியும். ஓடை மட்டும் திறக்காது.

சோதித்துப் பாருங்கள்

டபிள்யூ3சி அமைப்பு ஃபீட் வேலிடேட்டர் என்ற இலவசச் சோதனைப் பக்கத்தை வைத்திருக்கிறது. கூகுளில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும். ஓடை முகவரியை அதில் ஒட்டி செக் பட்டனை அழுத்துங்கள். எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லிவிடும். அது சரியென்று சொன்ன பிறகு தண்டர்பேர்டில் நீங்களே உங்கள் ஓடையில் சேருங்கள். ஒரு கட்டுரை, ஓர் அறிவிப்பு, ஓர் ஆடியோ, ஒரு பி.டி.எஃப். என்று நான்கு பதிவுகள் போடுங்கள். நான்கும் வந்தனவா? ஆடியோவும் பி.டி.எஃப்.-உம் இமெயிலில் வருவதுபோல் அட்டாச்மென்ட்டாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் உங்கள் ஓடை தயார்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் செய்துவிட்டு ஆரஞ்சு ஐகானை வைக்க மறந்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் "எல்லாம்", "அறிவிப்பு மட்டும்" என்று தமிழில் எழுதி இரண்டு லிங்க்குகளாகக் கொடுங்கள். எதில் சேருவது என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.